மேடவாக்கத்தைத் தாண்டிய வாத்து

பட்டைத்தலை வாத்து என்று ஒரு பறவை. வெள்ளைத் தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இமயமலையைத் தாண்டி நம் நாட்டுக்கு வருகிறது. முதுகில் கருவி கட்டிவிட்டு ஆராய்ந்தவர்கள், அது 7,290 மீட்டர் உயரத்தில்கூடப் பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பகலில் காற்று சூடாகி லேசாகிவிடுமாம். இறக்கைக்குப் பிடிமானம் போதாது. அதனால் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலுமே மலையேறுகிறது.

என் திட்டமும் அதுவேதான். கேம்ப் ரோடு சிக்னல் விழித்துக்கொள்வதற்குள் மேடவாக்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று இருட்டோடு தாம்பரத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். தண்ணீர் லாரிகளும் அதே ஆராய்ச்சியைப் படித்திருந்தன.

இந்த வாத்தைப் பார்க்க உத்தரவாதமான இடம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். அறுவடையான வயல்களில் மேய்ந்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பி ஓய்வெடுக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அவ்வளவு மரியாதை! நானும் போயிருப்பேன். ஆனால் பொங்கல் சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் என்பது வாத்தைவிட அரிய இனம். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பெரும்பாக்கம் சதுப்பில் ரெண்டு இறங்கியிருக்கு" என்று போட்டார். படம் போடவில்லை. நம்பிக்கைக்குப் படம் எதற்கு?

பெரும்பாக்கத்தில் பறவைக்கு ஒன்றும் குறைவில்லை. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை, வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்த ஊசிவால் வாத்து என்று ஒரு கல்யாணக் கூட்டமே இருந்தது. பட்டைத்தலையை மட்டும் காணோம். சரி, வந்ததற்கு ஊசிவாலையாவது எடுப்போம் என்று மச்சானிடம் இரவல் வாங்கிய லென்ஸை மாட்டினேன்.

தென்சென்னையில் பறவைப் படம் எடுப்பதென்பது, எதையெல்லாம் எடுக்காமல் விடுவது என்கிற கலை. இடப்பக்கம் திருப்பினால் பால்கனியில் காயும் நைட்டி. வலப்பக்கம் மின்கோபுரம். கொஞ்சம் தூக்கினால் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம். பக்கத்துப் பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. உலகம் மதிக்கும் அந்தச் சதுப்பைப் படம் எடுப்பவர், ஓரத்திலிருக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சட்டத்துக்குள் விடாமலிருக்க முதுகை எப்படியெல்லாம் வளைக்கிறார் என்று யாராவது தனியாகப் படம் எடுக்க வேண்டும். என் ஊசிவால் கடைசியில் ஒரு விளம்பரப் பலகைக்கு நேர் முன்னால் போய் நின்றது. 'லேக் வியூ அபார்ட்மென்ட்' என்று எழுதியிருந்தது. லேக்கை நிரப்பித்தான் வியூ கட்டுகிறார்கள் என்பது வாத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ட்ரைபாட் விரித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ரெண்டு போன்.

"என்ன சார், சர்வேயா?"

"இல்லீங்க. வாத்து."

"வாத்தா? எத்தனை கிரவுண்ட்ல?"

பண்ணை போடவில்லை, படம்தான் எடுக்கிறேன் என்று விளக்கினேன். அவர் லென்ஸுக்குள் பார்க்கக் கேட்டார். பறவைமேல் ஆர்வம் வந்துவிட்டதே என்று பூரித்து வழிவிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"சூப்பர் லென்ஸ் சார். அந்த ஏழாவது மாடி இன்னும் போகல போல. கதவுல ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல."

ஆனாலும் மனிதர் நல்லவர். இமயமலைக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "அவ்ளோ உசரத்துலயா! அங்கல்லாம் அப்ரூவல் யார் சார் கொடுக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். தினமும் இந்த வழியாகத்தான் போகிறாராம். தலையில் பட்டையோடு சாம்பல் நிறத்தில் ஏதாவது தென்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே கூப்பிட்டார்.

"சார், ரெண்டு வந்திருக்கு. உடனே வந்தா பார்க்கலாம்."

எனக்குக் கை நடுங்கியது. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே! "எங்கே? பெரும்பாக்கத்துலயா? பட்டை நல்லாத் தெரியுதா?"

"பட்டாவா? பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் பக்கா சார். கிழக்குப் பார்த்த மனை."