படுக்கை நிலவரம்

திருப்பூரில் ஏற்றுமதி பனியனுக்கு இருக்கும் மரியாதையே தனி. கட்டிங்கில் இருக்கிறதா, தையலுக்குப் பவர் டேபிளில் இருக்கிறதா, பேக்கிங்குக்குப் போய்விட்டதா என்று பெரிய கம்பெனிகளில் பார்கோடு சொல்லிவிடும். அதைத் தைத்தவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து, ரயில் நிலைய வாசலில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பதுதான் எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. பெரிய குறை!

லட்சம் பேருள்ள நகரத்தில் 100 பேருக்காவது 24 மணி நேரத் தங்குமிடம், ஆளுக்கு 50 சதுர அடி என்றது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி. கட்டடம் என்றால் சிமென்ட், மணல், ஜல்லி. டேட்டாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே காப்பகம், மாநகராட்சி, அரசு மருத்துவமனை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் எல்லாவற்றையும் ஒரே திறந்த இடைமுகத்தில் இணைத்துவிடுவோம். படுக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'இல்லை' என்பது எல்லாத் திரையிலும் ஒரே நொடியில் தெரியும். சமத்துவம் என்றால் இதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் தெருத்தெருவாக அலைந்து, நாடு முழுக்க 17 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடற்றோரை எண்ணினார்கள். இனி அந்தச் சிரமம் எதற்கு? அவரவரே பதிவு செய்துகொள்ளட்டும். பெயர், ஆதார், கைபேசி எண், ஓடிபி. தூங்கும்போது கைபேசி திருடு போயிருந்தால், புகார் கொடுக்கத் தனி இணையதளம் இருக்கிறது. அதற்கும் ஓடிபி வரும்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரம்: நிரந்தர முகவரி கட்டாயம்.

சொந்த முகவரி உள்ள வீடற்றோர் உடனே விண்ணப்பிக்கலாம்.