டோல்கேட் மாமா

முன்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டார். கால் நீட்ட வேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். டோல்கேட் வருவதை முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜம். மனைவியின் பெரியப்பா, அதனால் நமக்கு மாமா. மாமா என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை.

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாகச் சுங்கச்சாவடி. பரனூர் வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுவார்.

"மாப்பிள்ளை, லெப்ட்ல ஒரு மண் ரோடு வரும், விடுங்க. நேரா போய் அந்தப் பக்கம் ஏறிடலாம்."

நேராகப் போகிற மண் ரோடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அது ஏரிக்கரையில் ஏறும், ரயில்வே கேட்டில் நிற்கும், யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் முடியும். வழியெங்கும் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். தயங்கி நிறுத்தினால், "சும்மா ஏத்துப்பா" என்பார் அங்கே நிற்கும் அம்மா. ஏற்றி இறங்கியதும், "ரிவர்ஸ்ல இன்னொரு தடவை வா!" நம் காரில் கதிரடிப்பு நடக்கும். பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுக்கும். மாமா மட்டும் டோல் காசு மிச்சமான பூரிப்பில் இருப்பார். லிட்டர் நூறு ரூபாய்ப் பெட்ரோல் அவர் கணக்கில் வராது. "அது வண்டி குடிக்கிறது மாப்பிள்ளை. இது அவன் பிடுங்குறது."

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகும் முன், சில்லறைக்காக வரிசையில் வெந்த காலத்தில், இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்படிச் சுற்றும்போது ஒரு தோப்போரம் அருமையான நுங்கு கிடைத்ததையும் மறுக்க மாட்டேன். அவரே பேரம் பேசினார். நான் காசு கொடுத்தேன்.

2025 ஆகஸ்டில் வருடப் பாஸ் வந்தது. 3,000 ரூபாய், தேசிய நெடுஞ்சாலைகளில் 200 தடவை தாண்டலாம், அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. தொல்லை விட்டது என்று உடனே வாங்கினேன். மாமா விரலில் எண்ணிப் பார்த்தார்.

"தடவைக்குப் பதினஞ்சு ரூபாய் ஆச்சே! அதை ஏன் பரனூர்ல வீணாக்கணும்? லெப்ட்ல விடுங்க, ஒரு தடவை மிச்சம்."

"அவர்தான் சொல்றாரில்ல, விடுங்களேன்" என்று பின்சீட்டிலிருந்து சிபாரிசு வேறு.

டோல் என் காசு, பாஸ் என் காசு, பெட்ரோல் என் காசு, பஞ்சரும் என் காசு. அவர் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் போனதில்லை. பிறகு யாருக்காக இந்த மிச்சம்?

பாஸில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. வருடம் முடிந்தால் அத்தனையும் காலாவதி. திருச்சிப் பக்கம் போகிற புண்ணியவான் யாராவது மாமாவை ஏற்றிக்கொள்ளுங்கள். முன்சீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.