சுரைக்காய் வள்ளல்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள், புரட்டாசியில் காய்த்துத் தொங்கும்போது என்ன செய்வது என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அந்தப் பொறுப்பு இப்போது மாடித்தோட்டக்காரரின் அக்கம்பக்கத்தார் தலையில் விடிந்திருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர், மடித்துக் கட்டிய வேட்டி, நகக்கண்ணில் தென்னைநார்த் தூள், கையில் மஞ்சப்பை. காலை ஆறரைக்கு அழைப்புமணி அடித்தால் அவர்தான். பைக்குள் சுரைக்காய்தான் என்பதைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். தெரு அவரை வள்ளல் என்கிறது. என் கட்சி வேறு. அவர் காயைக் கொடுக்க வரவில்லை. அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வாங்கிப்போக வருகிறார்.

அந்தப் பையையே சாட்சிக்கு அழைக்கலாம். காயைக் கொட்டிக்கொண்டு வாசலிலேயே பையை நீட்டினால் வாங்க மாட்டார். "இருக்கட்டும் மாமி, நாளைக்கு வாங்கிக்கறேன்." நாளைக்கு வருவார், "கூட்டா, பொரியலா? தண்ணியே ஊத்த வேண்டியிருந்திருக்காதே?" என்பார். விசாரணை முடிந்த பிறகுதான் பை ஞாபகத்துக்கு வரும். அவர் கொடுக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். முதல் காய் சாமி படத்துக்கும் வாட்ஸப்புக்கும் போகும். நுனியைத் தொட்டதும் பட்டென்று ஒடியும் பிஞ்சு வெண்டை அவர் வீட்டு வாணலிக்கு. இரண்டு நாள் பறிக்க மறந்து, ஒடித்தால் ஒடியாமல் வில்லாக வளைவது ஊருக்கு. உள்ளே புழு நெளிந்தாலும் குறை சொல்ல முடியாது. மருந்தடிக்காததற்கு அதுதானே சான்றிதழ்!

குறைவாகப் பயிரிட்டால் தீர்ந்தது என்பார்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தளையில் ஆறு பைகள்தான் இருந்தன. ஆறே போதும், தெருவை நிரப்ப. வெண்டையும் சுரையும் பறிக்கப் பறிக்கக் காய்ப்பவை. காயை முற்றவிட்டால் விதை கிடைத்த திருப்தியில் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அவர் விட்டால்தானே? சுரைப்பூ சாயங்காலம் விரியும். செல்போன் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிக் கல்யாணம் முடித்துவைப்பார். கொடியின் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளையின் நுனியையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண் பூவைப் பெருக்குவதற்கு '3ஜி கட்டிங்' என்று பெயர். அதிலும் அவர் கைதேர்ந்தவர். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் வேறு. இவ்வளவும் செய்துவிட்டு, "தானா காய்ச்சுத் தள்ளுது சார், என்ன பண்றதுன்னே தெரியல" என்று அலுத்துக்கொள்வதை நம்ப முடியுமா?

விற்கலாமே என்றால், உழவர் சந்தையில் கடை போட உழவருக்கான அடையாள அட்டை வேண்டும். கீரைக்காரம்மா வாங்கிக்கொள்ளக்கூடும். ஆனால் அந்த அம்மாள் காயைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்லிவிடுவாளே! சும்மா கொடுத்தால் அதே காய் விலைமதிப்பற்றதாகிவிடும். வற்றல் போடலாம் என்பது கத்தரிக்கும் கொத்தவரைக்கும் சரி. சுரைக்காயோ நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்; ஐப்பசி மழையில் அதை எந்த மாடியில் காயவைப்பது? ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிட வேண்டும். கசக்கும் சுரைக்காய் நஞ்சு, வயிற்றைப் புரட்டி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். "கசப்பு சர்க்கரைக்கு நல்லது" என்று அதையும் நீட்டினால் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது.

அடுத்த வீட்டார் பெயர் தெரியாத காலத்தில் கதவைத் தட்டி ஒருவர் காய் தருகிறார், அதைப்போய்க் கணக்குப் பார்ப்பதா என்று கேட்டால், நியாயம்தான். நாலு வார்த்தைப் பாராட்டு ஒரு சுரைக்காய்க்கு அதிக விலையும் இல்லை. தொல்லை என்னவென்றால், வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தத் தெருவில் செல்லுபடியாகும் காரணம் ஒன்றுதான்: "எங்க வீட்லயும் காய்க்குது சார்." அதற்காகவே எதிர்வீட்டார் அடுத்த ஆடியில் இரண்டு பை வாங்கி மாடியேறுகிறார்கள். விதைகூட அவர்தான் தருகிறார், சந்தோஷமாக. எதிர்வீட்டார் விவரமானவர்கள், சுரையை விட்டுப் பீர்க்கு போடுகிறார்கள். பீர்க்கங்காய்க்குக் கூட்டோடு தோல் துவையலும் உண்டு, முற்றினால் தேய்த்துக் குளிக்க நாரும் உண்டு. ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று கேட்டுப்போக ஒரு நாள் வரவேண்டுமல்லவா?