இன்னும் காயலீங்க

கோயம்புத்தூரில் கார் வாங்கியவர்கள் அதைத் தெருவில்தான் நிறுத்துவார்கள். கார் செட்டில் லேத் நிற்கும். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் செருப்போடு செருப்பாக இரும்புச் சுருள் கிடந்தால், உள்ளே யாரோ பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறார் என்று அர்த்தம். ஆகவே இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் (எனக்கு மாப்பிள்ளை முறை), ஒரு ரேஸ் காரின் ஃபிரேமைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து எங்கள் போர்டிகோவில் இறக்கியபோது தெருவில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. "பைப் என்ன கேஜுங்க தம்பி?" என்பதுதான் முதல் விசாரிப்பு.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. 1980களின் பிற்பகுதியிலேயே இங்கே எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்துவிட்டார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். வெளிநாட்டுக் கார் வாங்க வக்கில்லாத பையன்களும் பந்தயம் ஓட்டலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். 1995-ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்மூர்க்காரர்தான். மாணவர்கள் தாங்களே கார் கட்டி எடுத்துவந்து மோதும் ஃபார்முலா பாரத் போட்டியும் சில வருஷங்களாக அந்தத் தளத்தில், ஜனவரியில் நடக்கிறது. ஃபிரேம் எங்கள் வீட்டுக்கு வந்தது மார்கழியில். மாணவர்களின் திட்டமிடல் எப்படிப்பட்டது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

வெட்டுவது, வளைப்பது, பற்ற வைப்பது எல்லாவற்றையும் இந்த ஊர் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக் கொடுத்துவிடும். அவசரம் என்று கெஞ்சலாம், கூடுதலாகக் காசு வைக்கலாம், மாமன் மச்சான் உறவு சொல்லலாம். ஏதாவது ஒன்று பலிக்கும். பெயிண்டிடம் மட்டும் எதுவும் பலிக்காது. அது காய்கிறபோதுதான் காயும். கொங்கு நாட்டில் ஒருத்தருக்கும் வராத ஒரே வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. பெயிண்டடிக்க வேண்டியதெல்லாம் அதுதான்.

முதலில் பவுடர் கோட்டிங் யோசனை வந்தது. தூளைத் தூவி, 180, 200 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்து எடுத்தால் அன்றைக்கே முடிந்த கதை. ஆனால் கேட்ட பட்டறையில் இருந்த ஓவன், வெட் கிரைண்டர் பாடிக்கு அளவெடுத்துக் கட்டியது. "ரெண்டா அறுத்துக் கொண்டாங்க, போட்டுத் தாரேன்" என்றார் பட்டறைக்காரர். அவர் சிரிக்கவில்லை.

ஆக, வீட்டிலேயே அடிப்பது என்று முடிவானது. எதிர்வீட்டு அண்ணன் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். ஃபிரேமின் ஒவ்வொரு மூட்டையும் தடவித் தடவிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இத்தனை அழகா டிக் வெல்டிங் பண்ணிப்போட்டு அதும்மேல பெயிண்ட் அடிக்கோணுமா?"

"துரு புடிச்சுருமுங்க."

"எண்ணெய் தடவுங்க."

மாப்பிள்ளைக்கு மேட் கருப்பு வேண்டும். என் அம்மா குறுக்கே வந்தார். "மார்கழில புதுசா ஒண்ணும் தொடங்கப்படாது சாமி. அப்படியே தொடங்குனாலும் கருப்புலயா தொடங்குவாங்க?" பேரனின் ஏரோடைனமிக்ஸ் அம்மிச்சியிடம் செல்லுபடி ஆகவில்லை. நீலம் என்று தீர்ப்பானது. கடைக்குப் போனோம். பொங்கல் நெருங்கியிருந்ததால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "கேட்டுக்கா, மோட்டாருக்கா, மாட்டுக் கொம்புக்கா?" ரேஸ் காருக்கு என்றோம். சற்று யோசித்து, "அப்ப கேட்டு மாதிரிதான்" என்றார்.

பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட் நன்றாக நிற்கும் என்று மாப்பிள்ளையின் டீம் பையன்கள் சொன்னார்கள். நிற்கும்தான். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலில் இறங்கினால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. எனவே என் வீட்டில் அதற்குத் தடா போட்டுவிட்டு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வாங்கினோம். அதிலும் தின்னர் ஆவி நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடிக்கும் என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் அணைக்கப்பட்டன. மார்கழி மாதத்தில் சாமி விளக்கை அணைக்கச் சொன்ன பேரனை அம்மா பார்த்த பார்வையில் பிரைமர் தானாகக் காய்ந்திருக்கும்.

உப்புத்தாள் தேய்ப்பு இரண்டு நாள் தின்றது. தின்னரில் நனைத்துத் துடைக்க, நம் பட்டறைகளின் தேசியத் துணியான திருப்பூர் பனியன் வேஸ்ட் வந்தது. உலகத்துக்கே பனியன் கொடுக்கும் ஊரின் மிச்சம் அது. எண்ணெயை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பஞ்சைக் கொடுக்கும். பிரைமர் அடித்த பிறகு ஃபிரேமுக்கு மெல்லியதாக மீசை முளைத்திருந்தது. மறுபடியும் உப்புத்தாள்.

கம்ப்ரஸருக்கு அலைச்சல் இல்லை. கம்ப்ரஸர் செய்யும் எல்ஜி கம்பெனியை 1960-லேயே தொடங்கிய ஊர் இது. பஞ்சர் கடையில் இரவல் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், ஸ்ப்ரே கன் கதவுக்கும் பானட்டுக்கும் என்றே பிறந்தது. இங்கே இருப்பதோ ஓர் அங்குல உருட்டுப் பைப். பைப்பைக் குறிவைத்தால் அதில் ஒட்டுவது கொஞ்சம், சுவருக்குப் போவது மிச்சம். ஐந்தாறு பைப் கூடும் மூட்டில் இன்னும் கஷ்டம்: வெளிப்பக்கம் வழியும், உள்பக்கம் சொட்டுக்கூடப் போகாது. ஃபிரேமைத் தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிட்டு, கன்னுக்குக் கீழே மல்லாந்து படுத்து அடித்தான் மாப்பிள்ளை. எழுந்தபோது ஃபிரேமைவிட அவன் முகத்தில் கோட்டிங் சீராக இருந்தது.

தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தோம். தெருத் தூசிக்கு என்ன செய்வது? மார்கழி. வீட்டுக்கு வீடு கலர்க் கோலம். பக்கத்து வீட்டு அம்மணி ரோஸ் நிறத் தாமரைக்குப் பொடி தூவிய நேரமும், எங்கள் நீலம் ஈரமாக இருந்த நேரமும், காற்று எழுந்த நேரமும் ஒன்றாக அமைந்தன. அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிக்கு எங்கள் நீலம் போயிருந்தபடியால் இரு தரப்பும் சத்தம் காட்டாமல் சமாதானமாகிவிட்டோம்.

விடிகாலையில் இன்னொரு கூத்து. ராத்திரி பளபளத்த நீலம் பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தது. பனியில் அடித்தால் அப்படித்தான். தின்னர் விருட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அவசரப்படாத, மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும். வெயில் ஏறிய பிறகு அடிக்க வேண்டும்.

காத்திருக்க முடியாத வியாதி நமக்கு மட்டும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வார்னிஷ் பூசிய காரை வாரக்கணக்கில் காயப் போட்டிருந்தார்கள். ஃபோர்டு நிறத்தைத் தியாகம் செய்தார்: 1914 முதல் 1925 வரை மாடல் டி கருப்பில் மட்டுமே வந்தது. அப்புறம் டூபான்ட் கம்பெனியின் டூக்கோ வந்து வாரங்களை மணிநேரங்களாக்கியது. நாங்கள் வாங்கின என்.சி.யின் அப்பன் அது. 1924 மாடல் ஓக்லண்ட் காருக்கு முதலில் அடித்தார்கள். நிறம் நீலம். அம்மாவிடம் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார்.

டெட்ராய்ட்டில் இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு, சொந்தபந்தம். வந்தவர்கள் எல்லோரும் "காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்பார்கள். "இன்னும் காயலீங்க" என்று வாய் மூடுவதற்குள் கட்டைவிரலை வைத்துச் சரிபார்ப்பார்கள். பெரியவர்களைத் தொடாதீங்க என்று சொல்ல முடியாது. பெரியப்பா, சித்தப்பா, பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்று பத்திர ஆபீசில் வைப்பதுபோல ஆளுக்கொரு ரேகை. அதைத் தேய்த்து, திரும்ப அடித்து, திரும்பக் காயவைத்து, போர்டிகோ கேட்டைப் பூட்டினோம். சுவருக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டவர் அந்த ஃபோர்மேன் அண்ணன்.

கடைசியில் காய்ந்தது. மாப்பிள்ளை விதிப் புத்தகத்தைப் புரட்டினான். தலைக்கு மேலே வரும் ஹூப் பைப்பில் 4.5 மில்லிமீட்டருக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டும். பைப்பின் கனத்தைச் சோதனைக்காரர்கள் அதன் வழியாகத்தான் அளப்பார்கள். ஓட்டை இருந்தது. பெயிண்ட் அதை அழகாக அடைத்திருந்தது. குத்தித் திறந்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "மாமா, சீட் பெல்ட்டுக்கு ஒரு பிராக்கெட் வெல்ட் பண்ணோணும். மறந்துட்டோம்."

எதிர்வீட்டில் கிரைண்டர் மிஷினின் பிளக் சொருகப்படும் சத்தம் கேட்டது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார். "நகருங்க தம்பி, முதல்ல இந்தப் பெயிண்டை எடுத்துருவோம்."

மிச்சமான நீல டப்பா காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போனது. பட்டிப் பொங்கலன்று பண்ணையத்து ஆள் பழைய பிரஷ் ஒன்றால் காளையின் கொம்பு இரண்டுக்கும் அடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை, வெளுக்கவில்லை, காயும்வரை யாரும் தொட்டும் பார்க்கவில்லை.