15 கட்டிலும் ஒரு பேராண்டியும்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. ஆஸ்பத்திரிங்களுக்குத் திட்டம் போட்டுக் குடுக்கற கம்பெனியில வேலை கெடச்சிடுச்சாமே? நீ டாக்டராயிட்டேன்னு ஆயா ஊரெல்லாம் சொல்லிட்டு வரா. நான் திருத்தல. திருத்தினா எனக்கு ராத்திரி சோறு கெடைக்காது.

இன்னா வேலைடா அது? டாக்டர் எங்க நிக்கணும், இன்ஜினியர் எங்க கட்டணும்னு நீ சொல்லுவியா? நல்லாக் கீது. நான் தறியில குந்திக் குந்தி முதுகு வளைஞ்சேன். நீ நாற்காலியில குந்தி மத்தவனை வளைக்கப் போற.

காலையில அந்தப் பெட்டியைத் தெறந்து காட்டினியே, 300 கட்டிலு, ஏழு மாடி, கண்ணாடி சுவரு, வாசல்ல நீரூத்து. ஜோருதான். நர்சு எத்தினி பேருன்னு கேட்டேன். "அது அடுத்த கட்டம் தாத்தா"ன்னுட்ட. கோர்வைப் புடவைக்குத் தறியில ரெண்டு பேரு உட்காரணும், நெசவுக்காரன் வூட்டுப் புள்ளைக்குத் தெரியாதா? இன்னொருத்தன் அடுத்த கட்டத்துல வருவான்னா, கரை எப்படிடா உடம்போட சேரும்?

சாயந்திரம் கோயிலுக்குப் போயிட்டு வா. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடற எடத்துல அப்பன் வெங்கடேசப் பெருமாள் இருக்காரே, அவர் மதில்ல உன் கம்பெனிக்கு முந்தியே ஒரு திட்டம் வெட்டி வெச்சிருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், 1060-கள் கடைசி. அது ஒரு ஆஸ்பத்திரிக்கு, வீரசோழன் ஆதுலசாலைன்னு பேரு. 15 கட்டிலு. இப்போ சர்க்கார் கணக்குல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 6, சமுதாய சுகாதார நிலையத்துக்கு 30ங்கறியே, நம்ம பெருமாள் நடுவுல நிக்கறார்.

எத்தினி மாடின்னு அதுல தேடாதே, கண்ணு பூத்துடும். ஆளும் நெல்லும்தான் இருக்கும். வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லு, 8 காசு. கத்தி வெச்சு அறுக்கறவருக்கு வெறும் 30 கலம். (இதை எந்த சர்ஜன் கிட்டயும் படிச்சுக் காட்டாதே, கையில கத்தி இருக்கும்.) பச்சிலை பறிச்சு, விறகு கொண்டாந்து, மருந்து காய்ச்ச ரெண்டு பேரு. நோயாளியைப் பார்த்துக்க ரெண்டு பொம்பளைங்க. நாவிதர், தண்ணி ஊத்தறவர். படுத்திருக்கறவனுக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி, ராத்திரி விளக்குக்கு எண்ணெய். தசமூல அரீதகி, கல்யாண லவணம்னு இருப்பு வைக்கற மருந்து மட்டும் கிட்டத்தட்ட 20. இதுக்கெல்லாம் பணம்? வயலைக்காவூர் வரியை எழுதி வெச்சுட்டாங்க. அடுத்த வருஷம் யார் கிட்டப் போய் நிக்கறதுங்கற பேச்சே இல்ல.

மருந்து இருப்புன்னதும் ஞாபகம் வருது. 1994-ல மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சு, ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் குடுத்து, அதுல எழுதி மருந்து வாங்கிக்கன்னாங்கன்னு நீதானே சொன்ன? ராஜஸ்தான்காரங்ககூட அதைப் பார்த்து ஒண்ணு ஆரம்பிச்சாங்களாமே. அதுல கண்ணாடி சுவரு எத்தினிடா? கெடங்கு, லாரி, பாஸ்புக்கு. சரி, மொறைக்காதே.

ஏழு மாடியும் கட்டு, வேணாங்கல. நீரூத்தை மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல நோயாளிகூட வந்தவங்க குந்த ஒரு திண்ணை போடு. சோத்து மூட்டையோட வெயில்ல நிப்பாங்க பாவம்.

இன்னொண்ணுடா. அந்தக் கல்லை நல்லாப் பாரு. நாவிதருக்குக்கூட நெல்லு எழுதியிருக்கு. யோசனை சொன்னவனுக்கு ஒரு படி எழுதலடா! ஆமா, உனக்கு மாசம் எவ்ளோன்னு சொல்லவே இல்லியே?