கருப்புக் காருல வெள்ளைக் கோலம்

பேராண்டி, அந்தத் துணியக் கீழ போட்டுட்டு இங்கிட்டு வந்து ஒக்காரு. காஞ்ச புள்ளிய அழுத்தித் தேச்சா புள்ளி போகாது, பெயிண்டுதான் போகும். இன்னும் நாப்பத்தேழு மாசத் தவணை பாக்கி இருக்கு, அதுவரைக்குமாவது பெயிண்டு இருக்கட்டும்.

மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கொடைக்கானல்ல இருந்து எறங்கி வந்த. வண்டி அடுப்புல இருந்து எறக்குன தோசைக்கல்லு மாதிரி கொதிச்சுக்கிட்டு நின்னுச்சு. அத நடுவெயில்ல நிப்பாட்டி, பைப்பத் தூக்கிப் பீச்சி அடிச்ச. திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லலாம்னு வாயெடுத்தேன். "தாத்தா, ஒங்க காலம் வேற, இது வேற"ன்னுட்ட. சரிதான்னு வெத்தலைய மடிச்சு வாயில வச்சுக்கிட்டேன். வெத்தலை போட்டவன் வாயத் தொறந்தா யாருக்கு நட்டம்? சட்டைக்குத்தான்.

இப்பப் பாரு. கழுவுறதுக்கு முன்னாடி அழுக்கு வண்டி. கழுவுன பிறகு அம்மை போட்ட வண்டி. எழுத்தாளருக ராஜமையரும் பி.எஸ். ராமையாவும் பொறந்த ஊருடா இது, எழுத்துக்குப் பேர்போன மண்ணு. அந்த ராசி, வெயிலும் ஒன் பானட்டு மேல எழுதிப் பாத்துருச்சு.

கடைக்காரன் ஏமாத்திட்டான், ஷாம்பு சரியில்லேங்கிற. ஷாம்பு பாவம். நீ எந்தத் தண்ணிய ஊத்துன? நம்ம போர் தண்ணி. ஒங்க அம்மா குளிக்க வெந்நீர் போடுற அண்டாவுக்குள்ள கைய விட்டுப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். வாளியில போடுற ஹீட்டர் கம்பிக்குச் சொறி புடிச்சிருக்கும். அதே சரக்குதான் ஒன் காருலயும். கால்சியம், மக்னீசியம்னு நீ படிச்சிருப்ப. நாங்க உப்புன்னோம். தண்ணி ஆவியாப் போகும்போது உப்பக் கூடவா கூட்டிட்டுப் போகும்? இருந்த எடத்துலயே எறக்கி வச்சுட்டுப் போகுது. ஒரு சொட்டு காஞ்சா ஒரு புள்ளி. நீ பீச்சுனது ஆயிரம் சொட்டு.

அன்னைக்கு வாட்டர் பியூரிபையர் மாட்ட வந்த பையன் பேனா மாதிரி ஒண்ண முக்கிப் பாத்துட்டு 1,100ன்னு சொன்னான்ல? லிட்டருக்கு 1,100 மில்லிகிராம் கரைஞ்சு கெடக்குன்னு அர்த்தம். குடிக்கிற தண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லாட்டி 2,000 வரைக்கும் பொறுத்துக்கன்னு இந்தியத் தரக்காரக எழுதி வச்சிருக்காக. நம்ம கணக்குல பதினஞ்சு லிட்டர் வாளிக்குப் பதினாறு கிராமுக்கு மேல வருது. நாலு வாளி அளவுக்குப் பீச்சுனியே, அது மொத்தமும் வழிஞ்சு போகல, வழியாம நின்னதுதான் இப்ப நம்மளப் பாத்துச் சிரிக்குது.

இன்னொண்ணும் பாத்தேன். சொன்னாக் கோவிச்சுக்காத. ஆர்ஓ மெஷின் கழிச்சு வெளிய தள்ளுற தண்ணிய ரெண்டு வாளி புடிச்சு வச்சு, "வீணாக்கக் கூடாது தாத்தா"ன்னு அதையும் காருக்கு ஊத்துன. சிக்கனம் நல்லதுதான். ஆனா அந்த மெஷினுக்குச் சோலியே உப்பப் பிரிச்சு அந்தப் பக்கம் தள்ளுறதுதான். நல்ல தண்ணி குடத்துல, உப்பெல்லாம் சேந்த தண்ணி ஒன் வாளியில. கக்கூசு கழுவலாம், முத்தம் தெளிக்கலாம். அத ஆறு லட்ச ரூவா வண்டிக்கு அபிசேகம் பண்ணுன ஒரே மகராசன் நீதான்.

இதுல கூத்து என்னன்னா, ஒன் ரூமு ஏசிக்குப் பின்னாடி ராத்திரி பூராவும் சொட்டுது பாரு, அது காத்துல இருக்குற ஈரம் குளுந்து எறங்குன தண்ணி. உப்பே கெடையாது. அது சாக்கடைக்குப் போகுது. சாக்கடை பளபளன்னு இருக்கு, காரு புள்ளி போட்டுருக்கு.

நான் லாரியில கிளீனரா இருந்தப்ப கேட்டுக்க. மலையில இருந்து கேரட்டு, கோசு, பேரிக்காய்னு லோடு எறக்குவோம். அந்தக் காட் ரோட்டுல 1914 வாக்குலதான் மோட்டாரே ஏறுச்சாம். அதுக்கு முன்னால வெள்ளைக்காரத் துரைக டோலியில ஒக்காந்து நம்மாளுக தோள்மேல ஏறிப் போனாக. டோலியக் கழுவுனா புள்ளி விழுகாதுல்ல, நிம்மதி. எங்க டிரைவர் அண்ணன் வெள்ளி அருவிகிட்ட நிப்பாட்டி, "ரெண்டு வாளி மொண்டு ஊத்துடா"ம்பாரு. ஊத்துவேன். ஊருக்கு வந்து பாத்தா கண்ணாடி அப்புடியே கண்ணாடியா இருக்கும். ஒருநா அங்க நிக்க நேரமில்ல, கீழ வந்து கமிசன் கடைப் பக்கத்துப் பம்புசெட்டுல கழுவுனேன். மறுநா அண்ணன் கண்ணாடியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, பொடதியில ஒண்ணு வச்சாரு. எதுக்கு அடின்னு எனக்கு ரெண்டு வருசம் புரியல.

மலைத்தண்ணி நேத்துப் பேஞ்ச மழை. புல்லு மேலயும் பாறை மேலயும் ஓடி வருது, உப்பத் தின்ன அதுக்கு நேரமில்ல. நம்ம போர் தண்ணி எத்தன வருசமா பாறை வயித்துக்குள்ள படுத்துக் கெடக்கோ, கல்லத் தின்னே கொழுத்தது. இம்புட்டுதான் வித்தியாசம். அதுக்காக நீ அருவிகிட்டப் போய் வண்டி கழுவாத. நாங்க செஞ்சது தப்பு. ஆயிலும் சோப்பும் அந்தத் தண்ணியோடதான் கீழ போச்சு. அப்ப எங்களத் திட்ட ஆளில்ல, அதான்.

சரி, செய்முறை கேக்குறியா? கேக்கமாட்ட, நானே சொல்றேன். வெள்ளன எந்திரி. வெள்ளனன்னா எட்டரை இல்ல, அஞ்சரை. வீட்டுக்கு மேக்கால சந்துல நிப்பாட்டு, ஒம்போது வரைக்கும் நெழலு இருக்கும். வேப்பமரத்தடி வேணாம், நீ கழுவ மேல காக்கா ஒண்ணு அதோட வேலையப் பாக்கும். பானட்டத் தொட்டுப் பாரு, கை சுடக்கூடாது. மலையெறங்கி வந்த கையோட சக்கரத்துலயும் தண்ணி ஊத்தாத, பிரேக்கு தட்டு கொதிச்சுக்கிட்டு இருக்கும், பச்சத் தண்ணி பட்டாக் கோணிக்கும்.

பாத்திரம் வெளக்குற சோப்பு வேணாம், மேல தடவுன மெழுகையும் சேத்து உரிச்சுரும். எருமையக் கழுவுற வைக்கோல் பிரியும் வேணாம். எருமை கோவிச்சுக்காது, காரு கோடு கோடாக் காட்டிக்கொடுத்துரும். வாளி ரெண்டு வேணும், ஒண்ணுல சோப்பு, ஒண்ணு துணிய அலச. ஒரே வாளியில முக்கி முக்கித் தேச்சா மண்ண எடுத்து மண்ணாலயே தேய்க்கிறன்னு அர்த்தம். கூரையில ஆரம்பிச்சுக் கீழ வா. முழு வண்டிக்கும் ஒரே மூச்சா நொரை போட்டுட்டு வாட்சப் பாக்கப் போயிராத. ஒரு பக்கம் கழுவு, அலசு, துடை, அப்பறம் அடுத்த பக்கம். இந்த ஊருக் காத்து ஒன்னயவிடச் சுறுசுறுப்பு, நீ துடைக்கிறதுக்குள்ள காய வச்சுரும்.

கடேசித் தண்ணியிலதான் சூட்சுமம் இருக்கு. பைப்பு மூக்கக் கழட்டிரு. பீச்சாம மேல இருந்து மெதுவா வழிய விடு. பீச்சுனா சொட்டு சொட்டா நிக்கும், வழிய விட்டா தகடா எறங்கித் தன்னோட சொட்டையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். அந்தக் கடேசி வாளி மட்டும் ஏசித் தண்ணியோ மழைத்தண்ணியோ இருந்தாப் போதும், மீதிக்கு நம்ம போரே தாராளம். ஒடனே மைக்ரோஃபைபர் துண்ட விரிச்சுப் போட்டு இழு, தேய்க்காத. கைப்புள்ளையக் குளிப்பாட்டுனா ஈரத்தோடயா வெயில்ல போடுவோம்? துவட்டுவோம்ல? அப்பறம் கதவு நாலையும், டிக்கியையும் தொறந்து தொடை. கண்ணாடிக் காதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற தண்ணி, நீ சட்டைய மாட்டிட்டு வந்த பிறகுதான் ஒழுகும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து இன்னொரு தரம் தொடச்சுரு.

இப்ப இருக்குற புள்ளிக்கா? வினிகரு வாங்கு, அதே அளவு தண்ணி கல. நெழல்ல வச்சுத் துணிய நனைச்சு ரெண்டு நிமிசம் புள்ளி மேல போடு, எடுத்துட்டு நல்லாக் கழுவித் துவட்டு. பித்தளைச் செம்புக்கு ஒங்க அப்பத்தா புளி போடுவாளே, அந்த வித்தைதான். இன்னைக்கே செய்யி. மாசக்கணக்குல வெயில்ல விட்டா உப்பு பெயிண்டுக்குள்ளயே எறங்கிரும், அப்பறம் பாலீஸ் போடுறவன் கேக்குற காசு நமக்குக் கட்டாது.

கொல்லையில நீல டிரம்மு ரெண்டு இருக்குல்ல? "குப்பை, எடைக்குப் போடுங்க"ன்னியே, அதேதான். ஐப்பசியில மொத மழைய ஓட்டுத் தூசியோட ஓட விட்டுட்டு, அடுத்த மழையில புடிச்சு மூடி வச்ச தண்ணி. ஒரு மாசத்துக்கு ஒன் காருக்குக் காணும். ஓசியில்ல. தலையாறு அருவியப் பாத்து எம்புட்டோ நாளாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கழுவித் துவட்டுன கையோட என்னைய அந்த அருவி தெரியுற டம்டம் பாறைக்குக் கூட்டிட்டுப் போ, முன் சீட்டு எனக்கு. வெத்தலையத் திண்ணையிலயே வச்சுட்டு வாரேன், பயப்படாத.