கலைக்களஞ்சிய விருதியல்: ஒரு முன்னாய்வு

முன்னாள் நகர்மன்றத் தலைவர் ஒருவரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது எளிது. பிறந்த ஊர், கட்சி, வென்ற ஆண்டு, தோற்ற ஆண்டு என நாலு வரியில் முடிந்துவிடும். 'விருதுகள்' என்று துணைத்தலைப்புப் போட்டதும்தான் வில்லங்கம். சேவைச் செம்மல், மக்கள் மாமணி, குடிநீர் கொண்டான் என்று வரிசை கட்டி நிற்பவற்றுள் எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு அனுப்புவது என்று வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

மேடையில் தரப்படுவன மூன்று: பொன்னாடை, நினைவுப் பரிசு, விருது. பொன்னாடை மேடையிலுள்ள அனைவருக்கும் உண்டு. மைக்கைச் சரிசெய்ய ஏறியவர் தோளிலும் விழுந்துவிடும். எனவே விலக்கு. நினைவுப் பரிசு, வந்துபோனதற்கான ரசீது. எஞ்சியது விருது. அதிலும் 'பதிவுக் கட்டணம்' கட்டி வாங்கியதற்குக் கொள்முதல் என்று பெயர். வழங்கிய அமைப்பின் புரவலரும் பெற்றவரும் ஒருவரேயாகும் நேர்வுக்கு நாமே ஒரு நூற்பா யாத்துள்ளோம்:

கொடுப்போன் கொள்வோன் ஒருவன் ஆயின்
விடுப்பது கடனே என்மனார் புலவர்.

எந்தப் புலவர் என்று கேட்கலாகாது.

பெயருக்கு முன்னால் ஒட்டுவதில் ஆய்வுக்கே இடமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயரோடு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் சொன்னது. பத்மஸ்ரீக்கே அந்தக் கதி. சேவைச் செம்மல் எம்மாத்திரம்? தலைவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு இத்தீர்ப்பின் நகல் இன்னும் போய்ச் சேரவில்லை.

உண்மையில் மண்டையைக் குடைவது வேறொன்று. சுதந்திர தினத்தில் முதலமைச்சர் சிறந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு விருது வழங்குகிறார். விருது ஊருக்கு. கைநீட்டி வாங்குபவர் தலைவர். பக்கத்தில் நிற்பவர் ஆணையர். விடியுமுன் தெருவைப் பெருக்கியவர்கள் படத்திலேயே இல்லை. பிற்பாடு தலைவர் கட்டுரையில் அது 'சிறந்த தலைவர் விருது' என்று உருமாறியிருக்கும். எம் முடிபு: விருது ஊர்க் கட்டுரைக்கே உரியது, தலைவருக்கு 'இவர் பதவிக்காலத்தில்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் போதும். ஆணையருக்கு அதுவும் வேண்டாம், அதற்குள் அவருக்கு மாற்றல் வந்திருக்கும்.

ஐயம் தீராத இடங்களில் தூரன் சோதனையைக் கையாளலாம். பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. 1968இல் அவருக்குப் பத்மபூஷண். அதை அடித்துவிட்டுப் பாருங்கள்: பத்துத் தொகுதியும் அவர் இயற்றிய கீர்த்தனைகளும் அப்படியே நிற்கின்றன. ஆகவே அவருக்குப் பத்மபூஷணைத் தாராளமாகப் போடலாம். எந்த விருதை அடித்தால் கட்டுரையே காணாமற் போகுமோ, அந்த விருதோடு கட்டுரையையும் எடுத்துவிடுவது முறை.

இதனால் மனம் நொந்தவர்கள் செய்தித்தாள் நறுக்குகளுடன் மேல்முறையீடு செய்யலாம். ஒரு வேண்டுகோள்: அனுப்பும்போது நறுக்கின் மேல்மூலையில் 'விளம்பரம்' என்று அச்சாகியிருக்கும் பகுதியைக் கத்தரித்துவிட வேண்டாம்.